புலியின் வயிற்றில் ஒரு குழாய் ஆர்கன்

அடுகோடியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில், பெங்களூருக் கோட்டையை அடுத்து, திப்பு சுல்தானின் கோடைக்கால மாளிகை நிற்கிறது. ஹைதர் அலி 1781இல் தொடங்கிய கட்டடத்தைத் திப்பு 1791இல் முடித்தார். தேக்குமரத் தூண்களைக் காண வருவோர் அங்குள்ள சிறு காட்சிக்கூடத்தில் ஒரு மரப்புலியின் நகலையும் காண்பர். சிவப்பு அங்கி அணிந்த ஐரோப்பியன் ஒருவன் மல்லாந்து கிடக்க, புலி அவன்மீது ஏறி நின்று கழுத்தைக் கவ்வுகிறது. பார்ப்பவர் அதைச் சிற்பம் என்றே எண்ணிக் கடந்து செல்வர். மூலப்பொருளோ ஓர் இசைக்கருவி. அதன் வயிற்றுக்குள் இருப்பது ஒரு குழாய் ஆர்கன்.

தேவாலயங்களில் நாம் காணும் பெரிய ஆர்கனின் தத்துவம் எளியது. துருத்தி காற்றைத் திரட்டித் தரும். கட்டையை அழுத்தினால் அதற்குரிய குழாய்க்கு மட்டும் வழி திறக்கும். குழாயின் வாய் விளிம்பில் காற்று மோதி நாதம் பிறக்கும். புல்லாங்குழலில் மூச்சு செய்வதை இங்கே துருத்தி செய்கிறது. சுருதிப்பெட்டியிலும் துருத்தி உண்டெனினும், அதில் ஒலிப்பவை உலோக நாக்குகள். ஆர்கனில் ஒலிப்பவை குழாய்கள்.

திப்புவின் புலி ஆறடிக்குச் சற்றுக் குறைந்த நீளமுடையது. அதன் பக்கவாட்டுப் பலகையைத் திறந்தால் தந்தத்தாலான பதினெட்டுக் கட்டைகளும், உள்ளே இரு வரிசைக் குழாய்களும் உள்ளன. வெளியிலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் துருத்திகள் இயங்கும். கீழே கிடப்பவனின் தொண்டைக் குழாயிலிருந்து ஓலம் எழும்; அவனது இடக்கை உயர்ந்து தாழும்போது அவ்வோலத்தின் சுருதியும் மாறும். புலியின் தலைக்குள் உள்ள தனிக்குழாய் இரண்டு ஒலிகளில் உறுமும். ஆர்கன் கட்டுநரான வில்லிஸ் இதை ஆராய்ந்தபோது, கட்டைகளின் அமைப்பு விரல்நுனியால் மெட்டு வாசிப்பதற்கு ஏற்றதாக அவருக்குத் தோன்றவில்லை. விரல் மூட்டுகளை மேலும் கீழும் ஓட்டி, கதறலைப் பெருக்குவதே நோக்கமாக இருந்திருக்கலாம் என அவர் கருதினார்.

புலி திப்புவின் அரசுச் சின்னம். அவரது அரசில் பிரெஞ்சுக் கைவினைஞர்களும் பணிபுரிந்தனர். ஆகவே மரவேலையில் உள்நாட்டுக் கைகளும், பொறியில் ஐரோப்பியக் கைகளும் கலந்திருக்கக்கூடும் என்பர். இதன் தூண்டுதல் பற்றி ஒரு கருத்து நிலவுகிறது. 1792 டிசம்பரில் வங்கத்தின் சாகர் தீவில் ஹியூ மன்றோ என்ற ஆங்கில இளைஞன் புலியால் கொல்லப்பட்டான். அவன் தந்தை ஹெக்டர் மன்றோ, 1781 ஜூலை 1 அன்று நம் பரங்கிப்பேட்டையில் ஹைதர் தோற்ற போரில் ஆங்கிலப் படைப்பிரிவு ஒன்றை நடத்தியவர். அச்செய்தி சீரங்கப்பட்டணத்தை எட்டியிருந்தால், அதன் பொருள் திப்புவுக்கு விளங்கியிருக்கும்.

1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போரில் மாண்டார். அரண்மனையின் இசைக்கூடத்தில் கிடைத்த இப்புலியைக் கம்பெனியார் லண்டனுக்கு அனுப்பினர். 1808 முதல் லெடன்ஹால் தெருவிலிருந்த கம்பெனி மாளிகையில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. வந்தவரெல்லாம் கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்தனர். கவிஞர் கீட்ஸ் தம் அங்கதக் கவிதை ஒன்றில் இதைக் குறிப்பிடுகிறார். அருகிலிருந்த நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தோருக்கோ உறுமலும் ஓலமும் பெருந்தொல்லையாயின. கைப்பிடி தொலைந்து புலி ஊமையானபோது, இனி அது ஒலிக்காமலே இருக்கட்டும் என்று ஓர் ஆங்கில இதழ் மகிழ்ந்தே எழுதியது. வென்றவரின் சாவை நடித்துக்காட்டிய கருவி, வென்றவரின் தலைநகரில் முதலில் வேடிக்கையாகி, பின்பு இரைச்சலாகிவிட்டது.

பின்னர் அது இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தை அடைந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் குண்டு விழுந்து கூரை சரிந்தது. புலியின் மரக்கூடு பல நூறு துண்டுகளாயிற்று. அத்துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, 1947க்குள் மீண்டும் காட்சிக்கு வைத்தனர். சீரமைப்பாளர்களின் பொறுமைக்கு இது சான்று. ஆயினும் என்னைத் தொந்தரவு செய்யும் கேள்வி இங்கேதான் எழுகிறது.

மரத்துண்டுகளை ஒட்டினால் வடிவம் மீளும். ஒலி அவ்வாறு மீள்வதில்லை. தோல் இறுகினால் துருத்தியின் காற்றழுத்தம் மாறும். குழாயின் வாய் ஒரு மயிரிழை நெளிந்தாலும் நாதம் மாறும். பழைய ஆர்கன்களைச் சீரமைப்போர் எங்கும் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே: தோலை மாற்றாவிட்டால் கருவி பேசாது, மாற்றினால் அது பழைய குரலில்தான் பேசுகிறதா என்று உறுதி கூற இயலாது. திப்புவின் புலியின் பொறியோ ஒருமுறையன்றிப் பலமுறை பழுதுபார்க்கப்பட்டும் மாற்றப்பட்டும் வந்திருக்கிறது. அருங்காட்சியகம் வெளியிட்ட ஒலிப்பதிவில் நாம் கேட்கும் உறுமல் திப்பு கேட்ட உறுமல்தான் என்று நான் சொல்லத் துணியேன். அதில் சீரங்கப்பட்டணத்துக் கம்மியர் விட்டுச்சென்றதும் இருக்கிறது. லண்டன் பழுதுபார்ப்போர் சேர்த்ததும் இருக்கிறது.

இதனால் அவ்வொலி மதிப்பிழந்துவிடவில்லை. ஏறத்தாழ 230 ஆண்டுகளின் வரலாறு அதில் படிந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மரமும் வண்ணமும் கண்ணுக்குரியவை. அவற்றை நகலெடுத்து நம் நகரில் வைத்துவிட்டோம். அக்கருவி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த ஒலியை மட்டும் விட்டுவிட்டோம். காலனியக் காலத்தில் கொண்டுசெல்லப்பட்ட பொருள்களைத் திருப்பித் தருவது பற்றிய விவாதம் எப்போது முடியுமோ, அறியேன். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு சிறு காரியம் உண்டு. நகலின் அருகே ஓர் ஒலிபெருக்கி, கேட்கும் ஒலியில் எது பழையது, எது புதியது என விளக்கும் ஒரு பலகை. கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் அப்பலகை அமைந்தால், பள்ளிப் பிள்ளைகள் அந்தப் புலியை வெறும் பொம்மை என்று கடந்து போகமாட்டார்கள்.