பிள்ளை சாப்பிட மாட்டேங்குதா? அது அடம் இல்ல, நோயா இருக்கலாம்! ‘நேரேட்டிவ் தெரபி’ எப்படி உதவும்?

“பசிக்கலம்மா”, “இன்னைக்கு விரதம்”, “ஃப்ரெண்ட் வீட்லயே சாப்பிட்டேன்”... வீட்டில் பிள்ளை தினமும் ஒரு காரணம் சொல்லி சாப்பாட்டைத் தவிர்க்கிறதா? பௌர்ணமி கிரிவலமும் விரதமும் சகஜமான திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர் பக்கம் இதை யாரும் சட்டென்று சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் விரதம் என்றால் அதை முடிக்க ஒரு நேரம் உண்டு. முடியாமல் நீளும் பட்டினி, ‘ஈட்டிங் டிஸ்ஆர்டர்’ எனப்படும் உணவுக் கோளாறாக இருக்கலாம்.

நம்ம ஊர்ல இது இருக்கா?

இருக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 2007ல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கு மனநல சிகிச்சைக்கு வந்த உணவுக் கோளாறு உள்ள சிறுவர், சிறுமியரில் பெரும்பாலோருக்கு இருந்தது மனக் காரணங்களால் வரும் வாந்தி. ‘அனோரெக்சியா’ எனப்படும் பட்டினி நோய் உள்ளவர்களும் இருந்தார்கள். ஆக, ஒல்லியாக வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு மட்டும் வருவதல்ல இது.

நேரேட்டிவ் தெரபின்னா என்ன?

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் 1980களில் உருவாக்கிய பேச்சு சிகிச்சை இது. இதன் அடிப்படை ஒன்றுதான்: ஆள் வேறு, பிரச்னை வேறு. ‘நான் ஒரு நோயாளி’, ‘நான் எதுக்கும் லாயக்கில்ல’ என்று ஒருவர் தன்னைப் பற்றி சுமந்துகொண்டிருக்கும் கதையை, அவரே மாற்றிச் சொல்ல இது உதவுகிறது. அனோரெக்சியா, புலிமியா பாதித்தவர்களுடன் இந்த முறையில் வேலை செய்த அனுபவத்தை எப்ஸ்டன் உள்ளிட்ட மூவர் 2004ல் தனி நூலாகவே எழுதினர்.

சிகிச்சையில் என்ன செய்வாங்க?

* நோய்க்கு ஒரு பெயர் வைக்கச் சொல்வார்கள். ‘மிரட்டுற குரல்’, ‘திருடன்’ என எதுவாகவும் இருக்கலாம்.
* அந்தக் குரல் என்ன சொல்லி ஏமாற்றுகிறது, படிப்பு, நட்பு, தூக்கம் என எதையெல்லாம் பறித்தது என்று கேட்பார்கள்.
* ஒரே ஒரு நாளாவது அதை மீறி ஒரு இட்லி சாப்பிட்டிருந்தால், ‘அன்னைக்கு எப்படி முடிஞ்சது?’ என்று விரிவாகப் பேசுவார்கள். புதிய கதை அங்கிருந்துதான் தொடங்கும்.
* பேசியதை ஆலோசகர் கடிதமாக எழுதித் தருவதும் உண்டு. மனம் தளரும் நாளில் எடுத்துப் படிக்கலாம்.

வீட்ல என்ன மாறும்?

“ஏன்டி இப்படி எங்கள சாகடிக்கிற?” என்று அம்மா கத்தினால், பிள்ளையும் நோயும் ஒரு பக்கம், குடும்பம் மறுபக்கம் என்றாகிவிடும். “அந்தக் குரல் இன்னைக்கு ரொம்பத் தொல்லை பண்ணுதா கண்ணு? நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன், சாப்பிடு” என்றால், பிள்ளையும் குடும்பமும் ஒரே பக்கம். பழி குறையும்போது, ஒளித்து வைத்ததைப் பிள்ளை வெளியே சொல்லத் துணியும்.

இது மட்டும் போதுமா?

போதாது. உடல் பட்டினியில் இருக்கும்போது மூளையும் சரியாக இயங்காது. எனவே மருத்துவப் பரிசோதனை, சத்தான உணவு, எடையை மீட்பது ஆகியவைதான் முதலில். வளரிளம் பருவத்தினரின் அனோரெக்சியாவுக்கு, பெற்றோரே முன்னின்று சாப்பிட வைக்கும் குடும்ப சிகிச்சைக்குத்தான் ஆய்வு ஆதாரம் அதிகம். அதிலும் நோயையும் பிள்ளையையும் பிரித்துப் பார்க்கும் இதே அணுகுமுறை உண்டு. நேரேட்டிவ் தெரபியை இவற்றுக்குத் துணையாக எடுத்துக்கொள்ள வேண்டும், மாற்றாக அல்ல.

எப்போ உடனே ஆஸ்பத்திரி போகணும்?

மயக்கம், நெஞ்சு படபடப்பு, வேகமாக எடை குறைவது, மாதவிடாய் நிற்பது, அடிக்கடி வாந்தி, தற்கொலைப் பேச்சு ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

எங்க கேட்கலாம்?

கீழ்பென்னாத்தூர் மக்கள் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416ல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். “சாமி குத்தம், திமிரு” என்று நாள் கடத்தாமல், முதல் போனை வீட்டில் உள்ள பெரியவர்களே போடலாம்.