மேகம் வரைந்த கேப்டன்

பணி ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் அகவிலைப்படிப் பேச்சுதான் நடக்கும். இப்போது ஸ்ரீமுஷ்ணத்தில் என் வயதுக்காரர்கள் என்னிடம் கேட்பது வேறு. "பழைய போட்டோவையெல்லாம் ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறேன் சார், சரிபண்ண எந்த மென்பொருள் சுலபம்?" மூன்று பேராவது கேட்டுவிட்டார்கள். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்தராக இருந்தவனுக்கு முந்தைய கோப்பைப் புரட்டாமல் குறிப்பு எழுத வராது. எனவே முன்வரலாறு கொஞ்சம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் 'ரெத்தூஷ்' என்று ஒரு சொல் உண்டு. தைத்த சட்டையைப் பிடித்துத் தைப்பதற்கும் அதே சொல்தான், போட்டோவில் முகத்தைத் திருத்துவதற்கும் அதே சொல்தான். நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் இதை 'டச்சிங்' என்றார்கள். போட்டோக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல், பாரிஸில். அதற்குப் பதினாறே வருஷத்தில், 1855ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில், மியூனிக்கைச் சேர்ந்த ஹான்ஃப்ஷ்டெங்கல் என்பவர் நெகட்டிவில் திருத்தம் செய்த படத்தையும் செய்யாத படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதாகச் சொல்வார்கள். ஜனங்களுக்குத் திருத்திய படம்தான் பிடித்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கத்துக் கதை இன்னும் சுவையானது. லின்னேயஸ் டிரைப் என்று ஒரு ராணுவ அதிகாரி, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்தவர். 1856இல் சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டார். திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று பெரிய பெட்டிக் கேமராவோடு சுற்றி அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளியாயின. மெழுகிட்ட காகிதம்தான் அன்றைய நெகட்டிவ். அந்தக் காகிதத்தில் பூசிய ரசாயனம் நீல ஒளிக்கு அளவுக்கு மீறி மசிந்துவிடும். கோபுரம் சரியாக விழுவதற்குள் வானம் வெள்ளை வெளேரென்று வெளுத்துப் போய்விடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமோ? நெகட்டிவின் மேல் தூரிகையால் நிறமி பூசி மேகங்களை வரைந்தார். மர இலைகளையும் தேவைப்பட்ட இடத்தில் தொட்டுவிட்டார். இன்றைக்குக் கைபேசியில் 'வானத்தை மாற்று' என்று ஒரு பொத்தான் வருகிறதே, அதற்குப் பாட்டன் அவர்.

ஆனால் அதே மனிதர் தஞ்சைப் பெரிய கோயிலில் இன்னொன்று செய்தார். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். மேகத்தை இஷ்டப்படி வரைந்தவர் கல்வெட்டைப் படிக்க வேண்டிய ஆவணமாகத்தான் நடத்தினார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்த இடம் அது. 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யான் போட்டோ பிரிவை ஆடம்பரச் செலவு என்று சொல்லி மூடிவிட்டார். சிக்கன நடவடிக்கை என்றால் முதலில் எந்தப் பிரிவின்மேல் கை வைப்பார்கள் என்பது அரசு ஊழியர்களுக்குத் தெரிந்ததுதானே.

இனி ஸ்டுடியோ காலம். டச்சிங் மேசை சாய்வாக இருக்கும். நடுவில் கண்ணாடிச் சட்டம், அடியில் வெளிச்சத்தை மேலே திருப்ப ஒரு முகக்கண்ணாடி. நெகட்டிவை அதில் வைத்து, பென்சில் பிடிப்பதற்காக மெல்லிய வார்னிஷ் தடவி, ஊசி போலச் சீவிய கெட்டிப் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா? கன்னத்துச் சுருக்கம் அங்கே தெளிவான கோடாகத் தெரியும்; அதைப் பென்சிலால் அடைத்தால் அச்சில் சுருக்கம் வெளுத்து மறையும். எங்காவது கறுப்பு வேண்டுமானால் பிளேடு முனையால் சுரண்டுவார்கள். கை தவறினால் போயிற்று, திரும்ப வராது. அக்காலத்துப் பிலிம் பலவும் சிவப்பைக் காணாது. குங்குமம் கறுப்பாக விழும், சருமத்தில் சிவந்த தடிப்பு இருந்தால் கரும்புள்ளியாகிவிடும். ஸ்டுடியோவில் கண்ணாடி, சீப்புக்குப் பக்கத்தில் பவுடர் டப்பா வைத்திருந்ததற்கும், டச்சிங் ஆர்ட்டிஸ்ட்டுக்கு அவ்வளவு மவுசு இருந்ததற்கும் இதுவும் ஒரு காரணம். இறந்துபோன கணவரை வேறு படத்திலிருந்து எடுத்து மனைவி பக்கத்தில் உட்கார வைப்பதும் நடந்தது. சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத தம்பதிகள் எத்தனையோ கூடங்களில் இன்றும் ஜோடியாகத் தொங்குகிறார்கள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

என் அம்மாவுக்குப் பெரியம்மை வந்து பிழைத்த முகம். இரண்டு கன்னத்திலும் தழும்பு. கூடத்தில் மாட்டியிருக்கும் பெரிய படத்தில் அது இல்லை. டச்சிங் ஆர்ட்டிஸ்ட் ஒவ்வொரு குழியையும் பொறுமையாக அடைத்துவிட்டார். தழும்பு இருக்கும் ஒரே படம், ஐம்பதுகளில் ஒரு கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. அதில் அம்மாவின் முகம் கட்டைவிரல் நகம் அளவுதான். போன வருஷம் அக்காள் மகன் அந்தப் படத்தைக் கைபேசியில் ஏதோ ஒரு செயலியில் போட்டு, "பாருங்க மாமா, பாட்டி எவ்வளவு தெளிவா வந்துட்டாங்க" என்று நீட்டினான். தெளிவாகத்தான் இருந்தது. வழவழவென்று கன்னம், வில் போலப் புருவம். அந்தப் பெண்மணியை எனக்குத் தெரியாது.

விசாரித்துப் பார்த்தேன். இந்தச் செயலிகள் மங்கலான முகத்தை அப்படியே பெரிதாக்குவதில்லை. ஆயிரக்கணக்கான வேறு முகங்களில் கற்றதை வைத்து, இல்லாத விவரத்தைத் தாமே இட்டு நிரப்புகின்றன. இந்தியாவில் பெரியம்மை கடைசியாகப் பரவியது 1975இல். அதற்குப் பின் பிறந்தவர்களே அந்தத் தழும்பை அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள்; செயலிக்கு எங்கே தெரியும்? தூசி என்று துடைத்துவிட்டது. பென்சில் பிடித்த ஆர்ட்டிஸ்ட் அம்மாவின் முகத்தை எதிரில் பார்த்தவர், எதை மறைக்கிறோம் என்று தெரிந்து மறைத்தவர்.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். அலுவலகப் பதிவேட்டில் தவறு நேர்ந்தால் சுரண்டக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஒற்றைக் கோடு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அடித்தது என்ன என்று பின்னால் வருபவன் படிக்க முடிய வேண்டும். மென்பொருளுக்கும் என் அளவுகோல் இதுதான்.

தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் எழுதிய ஃபோட்டோஷாப்பை 1990இல் அடோபி வெளியிட்டது. இருட்டறையில் கையால் ஒளியை மறைத்ததும் கூட்டியதும் அதில் 'டாட்ஜ்', 'பர்ன்' என்று அப்படியே குடியேறின. அபாரமான கருவிதான். ஆனால் 2013 முதல் சந்தாவுக்கு மாறிவிட்டது. ஓய்வூதியக்காரன் நாலு படத்துக்காக மாதாமாதம் அழ வேண்டாம். ஜிம்ப் இலவசம். பெர்க்லி மாணவர்கள் இருவர் எழுதி 1996இல் வெளிவந்தது. பொறுமை உள்ளவர்களுக்கு நல்லது, முதல் வாரம் தலைசுற்றும். என் மனதுக்குப் பிடித்தது பிக்காசா. திருத்தங்களைத் தனிக் குறிப்பாக வைத்துக்கொண்டு மூலப் படத்தைத் தொடாது. கோப்பும் குறிப்பும் தனித்தனி, எழுத்தருக்கு வேறென்ன வேண்டும்? கூகுள் அதை 2016இல் நிறுத்திவிட்டது. இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கைபேசியில் ஸ்னாப்சீட். செய்த திருத்தங்கள் வரிசையாக நிற்கும், ஒன்றை மட்டும் பின்வாங்கலாம், திருத்தியதைத் தனி நகலாகச் சேமிக்கலாம். வெட்டுவது, கோணல் நிமிர்த்துவது, வெளுத்ததை அழுத்தமாக்குவது, கீறலை ஒட்டுவது எல்லாம் அதில் உண்டு. நமக்கு அது போதும். முகத்தைத் தானே அழகாக்கும் பொத்தான் எந்தச் செயலியில் இருந்தாலும் தொட வேண்டாம்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்னாக்கம் செய்தார்கள். கறையும் கிழிசலும் அந்தப் படங்களுக்கு வயதுச் சான்றிதழ் மாதிரி. நாமும் முதலில் அப்படி ஒரு ஸ்கேன் எடுத்து, 'மூலம்' என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்டு, நகலில் விளையாடலாம். குரூப் போட்டோவை நான் 1200 புள்ளி அடர்த்தியில் எடுத்திருக்கிறேன். பெரிதாக்கினால் தழும்பு தெரிகிறது. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்திருக்கிறேன். அப்பா இடமிருந்து வலமாகப் பென்சிலில் பெயர்கள் எழுதியிருக்கிறார். அதில் ஒரு பெயரில் எழுத்துப்பிழை. அது அப்படியே இருக்கிறது.