எண் மாறிய சாலைகளும் பெயர் மாறாத வழிகளும்

ஸ்ரீவராகத்திலும் அதனை அடுத்த கோட்டைப் பகுதியிலும் கரமனையிலும் வாழ்கின்ற தமிழ்க் குடும்பங்களின் வரலாறு, சில சாலைகளின் வரலாற்றோடு பிணைந்ததாகும். நம் முன்னோருள் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தோர்க்கு நாகர்கோவில் சாலையும், நெல்லைச் சீமையிலிருந்து வந்தோர்க்கு ஆரல்வாய்மொழி, ஆரியங்காவு ஆகிய கணவாய்களும் வழியாயின. அவ்வழிகள் இன்றும் உள்ளன. அவற்றிற்கு அரசுகள் இட்ட எண்களோ மாறிவிட்டன.

திருவிதாங்கூர் அரசு நடந்த காலத்தில் சாலைக்கு, அது சென்று சேரும் ஊரே பெயராயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியபோது, இவ்விரு நகரங்களையும் இணைத்த தெற்குச் சாலை பெருஞ்சிறப்புப் பெற்றது. 1858 முதல் 1872 வரை திவானாக விளங்கிய மாதவராவ் காலத்தில் சாலைப்பணிகள் விரைந்து வளர்ந்தன. அந்நாளில் நாகர்கோவிலிலிருந்து தலைநகர்க்கு வந்தவர் எல்லை எதனையும் கடக்கவில்லை. ஒரே அரசின் சாலையில், ஒரே அரசின் குடியாகவே வந்தார்.

1956-ஆம் ஆண்டில் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. களியக்காவிளை எல்லையூராயிற்று. அதே ஆண்டில் தேசிய நெடுஞ்சாலைச் சட்டமும் இயற்றப்பட்டது. சேலத்திலிருந்து கோயம்புத்தூர், திருச்சூர், எர்ணாகுளம், திருவனந்தபுரம் வழியாகக் கன்னியாகுமரி வரை, ஏறத்தாழ 640 கிலோமீட்டர் சென்ற பெருவழி, தேசிய நெடுஞ்சாலை 47 என எண்ணிடப்பட்டது. இரு மாநிலங்களாகப் பிரிந்த சாலையை அவ்வெண் ஒன்றாகக் காட்டிற்று.

மாநில நெடுஞ்சாலைகளின் நிலை வேறு. ஒவ்வொரு மாநிலமும் தன் சாலைகளைத் தானே எண்ணிக்கொள்கிறது. எல்லை கடந்தால் அவ்வெண் செல்லாது. கேசவதாசபுரத்தில் தொடங்கி அங்கமாலி வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர் செல்லும் சாலை கேரளத்தின் முதலாவது மாநில நெடுஞ்சாலை. எனினும் அதனை 'எம்.சி. ரோடு' என்றே அனைவரும் வழங்குகின்றனர். நெடுமங்காடு வழியாகத் தென்மலை செல்வது இரண்டாவது. அது தென்மலையில் கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையோடு சேர, அங்கிருந்து நாம் ஆரியங்காவைக் கடந்து செங்கோட்டையை அடைகிறோம்.

2010-ஆம் ஆண்டில் நடுவண் அரசு தேசிய நெடுஞ்சாலைகள் அனைத்திற்கும் புதிய எண்களை வகுத்தது. வடக்கு தெற்காகச் செல்வனவற்றிற்கு இரட்டைப்படை எண். அது கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிப் பெருகும். கிழக்கு மேற்காகச் செல்வனவற்றிற்கு ஒற்றைப்படை எண். அது வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பெருகும். மூன்றிலக்க எண் கிளைச்சாலையைக் குறிக்கும். அதன் கடைசி இரண்டு இலக்கங்களே தாய்ச்சாலையின் எண். இம்முறைப்படி காசி–கன்னியாகுமரிச் சாலையான பழைய 7-இன் தென்பகுதி, ஸ்ரீநகரிலிருந்து வரும் 44-இல் அடங்கிற்று. நம் 47 இரண்டாகப் பிரிந்தது. சேலம்–கொச்சிப் பகுதி 44-இன் கிளையாகி 544 ஆயிற்று. கொச்சிக்குத் தெற்கேயுள்ள பகுதி, மராட்டியத்துப் பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரும் 66-இன் பகுதியாயிற்று. கொல்லம்–திருமங்கலம் சாலை 208 என்பதை இழந்து 744 ஆயிற்று. நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு செல்வது 944 ஆயிற்று.

முறை சிறந்ததே. ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. 2010-க்கு முன் 66 என்றால் புதுச்சேரி–கிருஷ்ணகிரிச் சாலை. ஆகவே பழைய நிலப்படத்தில் 66-ஐக் காண்பவர் செஞ்சிப் பக்கம் போய்விடுவார். பழைய ஆதாரப் பத்திரத்தில் '47-க்குக் கிழக்கு' என்று எல்லை எழுதப்பட்டிருப்பின், இன்றைய தலைமுறை அச்சாலையை எங்கே தேடும்?

ஆண்டுதோறும் நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் குழித்துறை, நெய்யாற்றின்கரை, கரமனை வழியாகவே திருவனந்தபுரம் எழுந்தருளுகின்றனர். புறவழிச்சாலை ஈஞ்சக்கல்லையும் திருவல்லத்தையும் தொட்டுத் தெற்கே சென்றாலும், அவர்கள் வழி பழைய வழியே. ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொன்னால் அந்த வழி எக்காலத்தும் விளங்கும். எண்ணை மட்டும் சொன்னால் ஆண்டினையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆதலின், நம் குடும்பங்கள் வந்த கதையைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும்போது '47 வழியாக வந்தோம்' என்று நிறுத்திவிடலாகாது. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று ஊர்களை வரிசையாக எழுதுவோம். எண் மீண்டும் மாறினாலும், அவர்கள் அவ்வழியே திரும்பிச் சென்று தம் முன்னோர் ஊரைக் கண்டுகொள்வர்.