பார்வையிழந்த சிறாரின் அறிவை அளந்த வரலாறு

பாரிசு நகரில் அல்பிரட் பினே என்பவர் சிமோன் என்பவரோடு சேர்ந்து 1905ஆம் ஆண்டில் வெளியிட்ட நுண்ணறிவு அளவுகோல் முப்பது சோதனைகளைக் கொண்டது. எரியும் தீக்குச்சியின் ஒளியைக் குழந்தையின் கண் பின்தொடர்கின்றதா என்பதே அவற்றுள் முதலாவது சோதனையாகும். படத்திலுள்ள பொருள்களைச் சுட்டுதலும், கோடுகளின் நீளத்தை ஒப்பிடுதலும் அவற்றுள் அடங்கும். எனவே, பார்வையற்ற பிள்ளை இவ்வளவுகோலின்முன் அறிவற்ற பிள்ளையாகவே தோன்ற நேர்ந்தது.

இக்குறையை முதன்முதல் நீக்க முயன்றோருள் றொபேட் ஏர்வின் குறிப்பிடத்தக்கவர். இளமையிலேயே பார்வையிழந்த அவர், அமெரிக்க உளநூலறிஞர் கொடாட்டின் துணையுடன் பினேயின் சோதனைகளைப் பார்வையற்றோர்க்கு ஏற்ப மாற்றி 1914இல் வெளியிட்டார். அப்பணியைச் சாமுவேல் ஹேய்ஸ் பல்லாண்டுகள் தொடர்ந்து, 1942இல் ஹேய்ஸ்-பினே சோதனையைத் திருத்தி அமைத்தார். 1949இல் வெளிவந்த வெக்சிலரின் சிறுவர் அளவுகோல் சொல்வழிப் பகுதி, செயல்வழிப் பகுதி என இரண்டாக வகுக்கப்பட்டிருந்தமையால், படங்களும் கட்டைகளும் வேண்டும் பகுதியை விடுத்துச் சொல்வழிப் பகுதியை மட்டும் பயன்படுத்துதல் எளிதாயிற்று. இங்கிலாந்தில் 1956இல் வில்லியம்ஸ் சோதனை வெளிவந்தது. இவையெல்லாம் கண்ணின் பணியைச் செவியிடமும் நாவிடமும் ஒப்படைத்தன.

ஆயினும், நாவும் நிலைபெறாத ஒரு நோய் உண்டு. நோர்வே நாட்டின் சுரங்க நகராகிய றோறோசில் உடன்பிறந்தார் நால்வர் ஒருவர்பின் ஒருவராகப் பார்வையிழந்து, பின் அறிவும் மங்கியதை ஸ்ரெங்கல் என்னும் மருத்துவர் 1826இலேயே எழுதிவைத்தார். இலண்டனில் பற்றன் என்பவர் 1903இல் இத்தகையதொரு நோயை ஒரே குடும்பத்தினர் இருவரிடம் கண்டு விளக்கினார். பினேயின் அளவுகோல் தோன்றிய அதே 1905இல், ஜெர்மனியில் வோக்ட், ஸ்பீல்மேயர் என்போரும் இத்தகைய நோயை ஆராய்ந்து எழுதினர். இன்று பற்றன் நோய் என வழங்கும் இதன் இளஞ்சிறார் வகைக்குக் காரணமான மரபணு 1995இல் கண்டறியப்பட்டது.

இவ்வகையில் முதலிற் கெடுவது பெரும்பாலும் பார்வையே. ஆதலின் பிள்ளை பார்வையற்றோர் பள்ளியிற் சேர்க்கப்படுவதுண்டு. ஆண்டுகள் செல்ல நினைவு தளர்கிறது, வலிப்பு தோன்றுகிறது, அச்சமும் சினமும் மிகுகின்றன, பேச்சு விரைந்து தடுமாறுகிறது. அப்போது ஒரு வினாவுக்கு விடை வாராதொழியின், காணாமையாலோ, அறியாமையாலோ, சொல்ல இயலாமையாலோ எனத் துணிதல் அரிது. பார்வைக் குறைவால் வந்த குறையை நோயின் வளர்ச்சியெனக் கொண்டாலும், நோயின் வளர்ச்சியைப் பார்வைக் குறைவெனக் கொண்டாலும், பிள்ளைக்கே தீங்கு விளையும். புதிய மருந்து பயன் தருகின்றதா என்பதையும் பின்னர் எவரும் அறியார்.

இம்மயக்கத்தைத் தீர்க்க, நியூயோர்க் மாநிலத்து றொச்செஸ்டர் நகர மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட அளவுகோல் ஒரு நல்வழி காட்டியது. உடல்நிலை, வலிப்பு, நடத்தை, செயலாற்றல் ஆகியன அதில் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன. செயலாற்றலை இருமுறை மதிப்பிடுவர்: உள்ள பார்வையோடு பிள்ளையால் இயல்வது எது, பார்வை முழுமையாயிருப்பின் இயலக்கூடியது எது என்பன அவை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடே பார்வையிழப்பின் பங்கைக் காட்டும்.

நூறாண்டுக்கு முன் தீக்குச்சியின் ஒளியிலே தொடங்கிய கலை, ஒளி காணாப் பிள்ளைக்கும் நீதி செய்யக் கற்றுக்கொண்ட வரலாறு இதுவாகும். அளக்குங் கருவியின் குறையை அளக்கப்படும் பிள்ளையின்மேல் ஏற்றலாகாது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.