ஊசியை வளைத்தவர்கள்

ஆங்கிலத்தில் அச்சேறிய முதல் தூண்டில் நூலை எழுதியவர் ஒரு பெண் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அவர் பெயர் டேம் ஜூலியானா பெர்னர்ஸ். செயின்ட் ஆல்பன்ஸ் நகருக்கு அருகிலிருந்த சாப்வெல் கன்னியர் மடத்தின் தலைவி, உயர்குடியில் பிறந்தவர், வேட்டையிலும் மீன்பிடியிலும் தேர்ந்தவர் என்பவை அவரைப் பற்றிய செய்திகள். நூல், வின்கின் டி வோர்ட் 1496இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சிட்ட தூண்டில் உரை. தூண்டில்காரர்களின் வேதமாகக் கருதப்படும் ஐசக் வால்டனின் நூல் 1653இல்தான் வந்தது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே ஒரு பெண் எழுதிவிட்டார் என்பது கேட்க இனிமையான செய்தி. பெண்களின் சாதனைகளைத் தொகுப்பவர்கள் இதை விடுவதில்லை.

ஆனால் இந்தச் செய்தி நிற்பதற்குத் தரை மிகக் குறைவு. 1486இல் செயின்ட் ஆல்பன்ஸில் ஒரு நூல் அச்சானது. பருந்து வளர்ப்பு, வேட்டை, குலச்சின்னம் ஆகியவை அதன் பொருள்கள். அதில் வேட்டைப் பகுதியின் முடிவில் மட்டும் 'ஜூலியன்ஸ் பார்ன்ஸ்' என்ற பெயர் வருகிறது. பத்தாண்டு கழித்து டி வோர்ட் அந்த நூலை மறுபதிப்புச் செய்தபோது தூண்டில் உரையைப் புதிதாகச் சேர்த்தார். அந்த உரையில் ஆசிரியர் பெயரே இல்லை. பக்கத்துப் பகுதியில் இருந்த பெயர் காலப்போக்கில் இதற்கும் உரியதாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் ஜான் பேல் அந்தப் பெயருக்கு அழகும் அறிவும் சேர்த்தார். பிறகு வந்தவர்கள் மடமும் தந்தையும் தேடிக்கொடுத்தார்கள். தந்தையாகச் சொல்லப்பட்ட சர் ஜேம்ஸ் பெர்னர்ஸ் 1388இல் தலை வெட்டப்பட்டவர். அவருடைய மகளென்றால் 1486இல் ஜூலியானாவுக்கு ஏறத்தாழ நூறு வயது. சாப்வெல் மடத்தலைவியரின் பட்டியலிலும் அவர் பெயர் கிடைக்கவில்லை. தூண்டில் உரையின் கையெழுத்துப் படி ஒன்று, 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது, குறைப்படியாக இன்று யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதிலும் ஆசிரியர் பெயர் இல்லை.

இந்த இடத்தில் பெண்ணிய வாசகருக்கு ஒரு சங்கடம் வருகிறது. பெண் எழுதினாள் என்றால் உடனே சான்று கேட்பதும், ஆண் எழுதினான் என்றால் கேட்காமல் விடுவதும் வரலாற்றுத்துறையின் பழைய வழக்கம். அதனால் ஜூலியானாவை விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. இருந்தாலும், சான்று இல்லாத ஒரு மூலத்தாயை நாம் காத்து நிற்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். அவரைக் காப்பதில் கவனம் முழுவதும் போய்விட்டால், அந்த உரையைப் படிக்கவே மறந்துபோகிறோம். உரைக்குள் பெண்களின் தடயம் இருக்கிறது. அது ஆசிரியர் பெயரில் இல்லை, கருவிகளில் இருக்கிறது.

உரை கருவிகளைச் செய்யும் முறையைப் பொறுமையாகச் சொல்கிறது. கோலுக்கு ஹேசல், வில்லோ போன்ற மரங்களைக் குளிர்காலத்தில் வெட்ட வேண்டும். அடிக்கோலைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளைத்துக் குடைய வேண்டும். மேல்கோல் அதற்குள் மறைந்துவிடும். கையில் வைத்துக்கொண்டு போகிறவர் மீன்பிடிக்கப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. நரம்புக்குக் குதிரைவால் மயிர். ஆற்று நீரின் நிறத்துக்கும் பருவத்துக்கும் ஏற்பப் பச்சை, மஞ்சள், பழுப்பு என்று அதற்குச் சாயம் ஏற்ற வேண்டும். எந்த மீனுக்கு எத்தனை மயிர் என்பதற்கும் கணக்கு உண்டு. மின்னோ என்ற பொடிமீனுக்கு ஒன்று, வளரும் ரோச்சுக்கு இரண்டு, பெரிய ரோச்சுக்கு மூன்று, பெர்ச்சுக்கு நான்கு, டென்ச்சுக்கும் விலாங்குக்கும் ஆறு, பார்பலுக்கு ஒன்பது, சால்மனுக்கு 15. தக்கையும் ஈயக்குண்டும் நரம்பின் கனத்துக்குப் பொருந்த வேண்டும். மீனின் உடல் எடையையும் இழுவையையும் கையால் அறிந்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

தூண்டில் முள் செய்வதுதான் எல்லாவற்றிலும் நுட்பமான வேலை என்கிறது உரை. முள்ளுக்கு மூலப்பொருள் ஊசி. பூத்தையல் ஊசி, தையற்காரர் ஊசி, செருப்புத் தைப்பவர் ஊசி என்று மீனின் அளவுக்கேற்ப எடுத்துக்கொள்ள வேண்டும். கரி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, கவ்விய மீன் நழுவாமலிருக்கப் பின்னோக்கிய சிறு பல்லைக் கத்தியால் எழுப்பி, வளைத்து, மறுபடி காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். இங்கிலாந்தின் பூத்தையல் இடைக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றிருந்தது. அதில் ஆண்களும் பெண்களும் உழைத்தார்கள். தையல் கூடையில் இருந்த ஊசி ஆற்றங்கரைக்குப் போனது என்பதை இந்த உரை ஐயமில்லாமல் பதிவு செய்திருக்கிறது.

அந்த வழி பின்னரும் அடைபடவில்லை. உஸ்டர்ஷயரில் உள்ள ரெட்டிச் என்ற ஊர் 19ஆம் நூற்றாண்டில் ஊசித் தொழிலின் தலைநகரமாக இருந்தது. ஊசி செய்த ஊரே தூண்டில் முள்ளும் செய்தது; ஆல்காக், மில்வார்ட் முதலிய நிறுவனங்கள் அங்கிருந்து உலகெங்கும் தூண்டில் கருவிகளை அனுப்பின. ஊசி முனை தீட்டும் ஆண்கள் கல்தூளையும் இரும்புத்தூளையும் சுவாசித்து நுரையீரல் கெட்டு இளவயதில் இறந்தார்கள். முள்ளில் நரம்பைச் சுற்றிக் கட்டுவது, இறகும் பட்டுநூலும் கொண்டு செயற்கை ஈ கட்டுவது போன்ற விரல்நுட்ப வேலைகள் பெண்களிடம் இருந்தன. பொட்டலத்தின்மேல் முதலாளியின் பெயர் அச்சானது. ஆற்றங்கரையில் உட்கார்ந்த கனவான் தன் திறமையால் மீன் சிக்கியது என்று நம்பினார். அவர் கையிலிருந்த முடிச்சு யாரோ ஒரு பெண் போட்டது.

அந்தக் கனவான்கள் மீன்களையும் குலம் பிரித்தார்கள். சால்மனும் ட்ரவுட்டும் 'வேட்டை மீன்கள்' ஆயின. ரோச், டேஸ், சப், ப்ரீம், டென்ச், பார்பல், பெர்ச், பைக் ஆகிய மற்ற நன்னீர் மீன்களுக்குக் 'கோர்ஸ்' மீன்கள் என்று பெயர் வைத்தார்கள். முரடானது, தரம் குறைந்தது என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். 1496இன் உரையில் இந்தப் பிரிவு கிடையாது. சால்மனை மிக உயர்ந்த மீன் என்று அது புகழ்ந்தாலும், ரோச்சுக்கும் ப்ரீமுக்கும் அதே அக்கறையோடு இரை சொல்கிறது. சால்மன் ஆறுகள் நிலவுடைமையாளர் கையில் இருந்தன. தொழிலாளிகளுக்கு வாய்த்தவை கால்வாய்களும் அழுக்கேறிய ஆறுகளும் அவற்றில் பிழைத்துக் கிடந்த கோர்ஸ் மீன்களும். சட்டமும் முதலில் சால்மனைத்தான் கவனித்தது: சால்மன் மீன்வளச் சட்டம் 1861இல் வந்தது. கோர்ஸ் மீன்கள் முட்டையிடும் காலத்தில் பிடிக்கக்கூடாது என்ற பொதுச் சட்டம் 1878இல்தான் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஷெஃபீல்டு தொகுதியின் உறுப்பினர் ஏ. ஜே. முண்டெல்லா. அந்த நகரத்தின் ஆலைத் தொழிலாளிகள் பெரும் தூண்டில்காரர்கள். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை என்ற அந்த ஓய்வுக்காலம் இங்கிலாந்தின் ஆறுகளில் இன்றும் இருக்கிறது.

இப்போது அறத்துக்கு வருகிறேன். உரையின் கடைசிப் பகுதி தூண்டில்காரர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறது. ஏழையின் தனி நீர்நிலையில் அவர் அனுமதி இல்லாமல் பிடிக்காதே; பிறர் வேலியை உடைக்காதே; திறந்த வாயிலைச் சாத்திவிட்டுப் போ; காசு சேர்ப்பதற்காக இதைச் செய்யாதே; ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிப் பிடிக்காதே. பிடிப்பதற்கு இத்தனை வழி சொன்ன நூல் முடிவில் நிறுத்துவதற்கும் வழி சொல்கிறது. கூடவே ஒரு கசப்பும் இருக்கிறது. உரையைத் தனிச் சிறு நூலாக அச்சிட்டால் வேலையற்றவர்களெல்லாம் வாங்கிப் படித்து மீனை அழித்துவிடுவார்கள். அதனால்தான் உயர்குடியினருக்கான பெரிய நூலில் சேர்த்திருக்கிறது என்ற குறிப்பு அது. மீனைக் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணமும் எளியவர் கைக்கு அறிவு போகக்கூடாது என்ற அச்சமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்றைய இங்கிலாந்தில் கோர்ஸ் மீன் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் பிடித்த மீனை உயிரோடு விட்டுவிடுகிறார்கள். ஆற்றிலிருந்து ஒருவர் ஒரு நாளில் எடுக்கக்கூடியது, 20 செ.மீ.க்கு உட்பட்ட 15 சிறு மீன்கள், 65 செ.மீ.க்கு உட்பட்ட ஒரு பைக் என்று விதி இருக்கிறது. பிடித்த மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்கும் நீள்வலைக்கு முடிச்சு இருக்கக்கூடாது, குறைந்தது 2 மீட்டர் நீளம் வேண்டும். முடிச்சு செதிலை உரசி, மீனின் மேலுள்ள வழுவழுப்பைச் சிதைக்கும்; அது போனால் நோய் உள்ளே வரும். அதனால்தான் மீனைத் தொடுமுன் கையை நனைக்கிறார்கள். ஈரமான மெத்தை விரிப்பில் கிடத்தி முள்ளைக் கழற்றுகிறார்கள். பின்னோக்கிய பல் இல்லாத முள்ளைப் பலர் பயன்படுத்துகிறார்கள். களைத்த மீனை நீரோட்டத்தை எதிர்நோக்கிப் பிடித்து, அது தானாக நீந்தும்வரை காத்திருக்கிறார்கள். சிதறிக்கிடந்த ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் இறந்ததால் 1987இல் பெரும்பாலான ஈயக்குண்டுகள் தடை செய்யப்பட்டன.

இத்தனை கவனிப்புக்கும் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. மீனுக்கு வலிக்குமா? இல்லை என்பதே தூண்டில்காரர்களின் நெடுநாள் ஆறுதலாக இருந்தது. 2003இல் லின் ஸ்னெடன், விக்டோரியா பிரெய்த்வெய்ட் என்ற இரு பெண் அறிவியலாளர்கள் மைக்கேல் ஜென்டிலுடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ட்ரவுட் மீனின் முகத்தில் காயத்தை உணரும் நரம்புமுனைகள் இருப்பதை அது காட்டியது. உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உடலை ஆட்டின, உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன, வெகுநேரம் இரை எடுக்கவில்லை. மீன் அனுபவிப்பதை வலி என்று சொல்லலாமா என்ற வாதம் அறிவியலில் தொடர்கிறது. 2010இல் பிரெய்த்வெய்ட் இந்தக் கேள்வியையே தலைப்பாக்கி ஒரு நூல் எழுதினார்.

இரு பெண்கள் இதைச் செய்ததால், பரிவு பெண்ணின் இயல்பு என்று முடிவுகட்டும் ஆசை வரலாம். அந்த வலையில் விழக்கூடாது. அவர்கள் செய்தது பரிவு காட்டியது அல்ல, கேட்காமல் விட்ட கேள்வியைச் சோதனையில் வைத்துக் கேட்டது. கையை நனைப்பதும் மெத்தை விரிப்பதும் அதேபோலப் பழக்கத்தால் கற்கும் ஒழுங்குகள். யாரும் கற்கலாம், எல்லோரும் கற்க வேண்டும்.

விட்டுவிடும் அறத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதை எனக்குக் காட்டியது நான் வகுப்பில் நடத்தும் ஒரு சங்கப் பாடல், ஐயூர் முடவனாரின் அகநானூறு 216. அதில் ஒரு பாண்மகள் வருகிறாள். கயிறு கட்டிய மெல்லிய கோலால் ஆற்றங்கரையில் வரால் பிடிக்கிறாள். வஞ்சி மர விறகில் அதைச் சுட்டு, கள் குடித்திருக்கும் தந்தையின் வாயில் ஊட்டுகிறாள். தூண்டிலோடு நிற்கும் பெண்ணை ஆங்கில நூலுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்பே தமிழ்க் கவிதை பார்த்துவிட்டது. ஆனால் அந்த வாக்கியத்தின் அமைப்பைப் பாருங்கள். அவள் எழுவாயாக நிற்பது ஒரு அடைமொழித் தொடருக்குள். அவள் மீன் பிடிக்கும் துறையை உடைய 'ஊரன்', அதாவது தலைவன், அவனைச் சுட்டத்தான் அவள் வருகிறாள். அவளுக்குப் பெயர் கிடையாது. பிடித்த வராலை ஆற்றில் விட்டுவிடும் வசதியும் கிடையாது. அந்த மீன் ஒரு வீட்டின் உணவு, அந்த உழைப்பு ஒரு மகளின் கடமை. காசுக்காகப் பிடிக்காதே என்ற அறிவுரை, வேறு வழியில் சோறு கிடைப்பவர்களுக்குச் சொல்லப்பட்டது. பாண்மகளை அந்த அறத்தால் அளந்தால் அளவுகோல்தான் பிழை.

ஜூலியானாவுக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஆள் இருந்தாரா என்பது தெளிவில்லை. பாண்மகளின் கோலும் கயிறும் வராலும் அடுப்பும் கண்முன் நிற்கின்றன, பெயர் இல்லை. ரெட்டிச்சின் பெண்களுக்குக் கூலி இருந்தது, பொட்டலத்தில் இடமில்லை. பெண்களின் வரலாறு தேடும் மாணவிகள் தலைப்புப் பக்கத்தில் பெண் பெயரைத் தேடி, இல்லையென்றால் அங்கே பெண்களே இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இருந்தால் சான்று பார்க்காமல் மகிழ்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். எதிலிருந்து செய்தார்கள், யார் வளைத்தார்கள், முடிச்சுப் போட்டது யார், பிடித்ததை யார் சமைத்தார்கள், யார் உண்டார்கள் என்று வரிசையாகக் கேளுங்கள். தூண்டில் முள் ஒரு காலத்தில் ஊசியாக இருந்தது என்ற செய்தியிலிருந்து தொடங்கினாலே போதும்.