நாசா தூக்கிப் போடாத எண்கள்

ஓசோன் ஓட்டையை நாசா செயற்கைக்கோள் பார்த்தும், கம்ப்யூட்டர் அதை தப்புன்னு தூக்கிப் போட்டுடுச்சுன்னு ஒரு கதை சொல்வாங்க. பாதிதான் உண்மை மக்களே.

1978 அக்டோபரில் ஏவப்பட்ட நிம்பஸ்-7 வானிலைக் கோளில் டாம்ஸ் என்றொரு கருவி. பூமியிலிருந்து திரும்பி வரும் புற ஊதாக் கதிரை அளந்து ஓசோனைக் கணக்குப் போடும். இயல்பா 300 டாப்சன் அலகு பக்கம் இருக்கும். 180க்குக் கீழே போனால் 'சந்தேகம்'னு குறி வைக்கும், அழிக்காது.

1983 அக்டோபர் அளவுகளில், அண்டார்டிகா மேலே இந்தக் குறிகள் குவிஞ்சுது. விஞ்ஞானிகள் தென்துருவத் தரைக்கருவியோட ஒப்பிட்டாங்க. அது 300ன்னுது. கடைசியில பார்த்தா, தரைக்கருவியின் கணக்குதான் தப்பு!

அதுக்குள்ள 1985 மே மாதம், ஹாலி நிலையத்தில் எடுத்த அளவுகளை வைத்து ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூணு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழில் எழுதிட்டாங்க. ஆனா அவங்க பார்த்தது ஓரிடத்து வானம். ஓட்டை ஒரு கண்டத்தையே மூடுற அளவுன்னு படமாக் காட்டினது நிம்பஸ்தான். 1987ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு.

முந்திக்கொண்ட பெருமை போச்சு, வாஸ்தவம்தான். ஆனா நம்ப முடியாத எண்ணையும் அழிக்காம ஓரமா எடுத்து வச்சாங்க பாருங்க, அதுக்கே ஒரு சபாஷ் போடலாம்னு தோணுது எனக்கு.