இதயத்துக்குள் சென்ற குழாய்

மனித உடலில் மருத்துவரின் கை மிகத் தாமதமாகச் சென்று சேர்ந்த உறுப்புகளுள் இதயமும் ஒன்று. விலா எலும்புகளுக்குப் பின்னால், இரு நுரையீரல்களுக்கும் இடையில், ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் அந்தத் தசையைப் பற்றி நாடியைத் தொட்டும், மார்பின் ஒலியைக் கேட்டும், இறந்தோர் உடலை அறுத்துப் பார்த்தும் அறிந்தவையே பல நூற்றாண்டுகளாகப் பாடமாக இருந்தன. உயிரோடிருக்கும் ஒருவரின் இதயத்துக்குள் நுழைந்து அங்குள்ள அழுத்தத்தை அளக்கவும், அதன் தமனிகளின் உட்புறத்தைப் படம்பிடிக்கவும், அங்கேயே அடைப்பை நீக்கவும் வழிதிறந்தது, கதீட்டர் எனப்படும் மெல்லிய, வளையக்கூடிய குழாய். நோயைப் பற்றிய அறிவு முதிர்ந்த பிறகே அதற்குரிய கருவி பிறந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். இத்தொழிலின் வரலாறு பெரும்பாலும் அதற்கு மாறானது. குழாய் முன்னே சென்றது. இதயத் தமனி நோய் உண்மையில் எத்தகையது என்பது அதன் பின்னரே ஒவ்வொன்றாகத் தெரியவந்தது.

வயது வந்த ஒருவரின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை சுருங்கி, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. நிமிடக் கணக்கில் அது கிட்டத்தட்ட ஐந்து லிட்டர். உடலெங்கும் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுச் சிரைகள் வழியே திரும்பும் இரத்தம், இதயத்தின் வலது மேலறைக்கும் அங்கிருந்து வலது கீழறைக்கும் வந்து, நுரையீரலுக்குச் சென்று ஆக்சிஜன் ஏற்று, இடப்புற அறைகள் வழியாக மீண்டும் உடலுக்குப் புறப்படுகிறது. இது முடிவற்ற ஒரே சுற்று என்பதை 1628இல் பிராங்க்ஃபர்ட் நகரில் அச்சான நூலில் வில்லியம் ஹார்வி நிறுவினார். கையில் கட்டுப்போட்டு, புடைத்த சிரைகளை விரலால் அழுத்திப் பார்த்து, சிரையின் வால்வுகள் இரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே செல்லவிடுகின்றன என்று அவர் காட்டியதில் பிற்காலக் குழாய்த் தொழிலுக்கான வரைபடம் அடங்கியிருந்தது: முழங்கை மடிப்பில் தெரியும் சிரை, தடையின்றி வலது மேலறையில் போய் முடிகிறது.

எந்நேரமும் இரத்தத்தில் நனைந்திருந்தும், தன் அறைகளில் நிரம்பும் இரத்தத்திலிருந்து இதயத் தசை பெறுவது மிகச் சிறிது. பெருந்தமனி தொடங்குமிடத்தில், வால்வுக்குச் சற்று மேலே கிளைக்கும் இரண்டு கொரோனரி தமனிகளே அதற்கு உணவூட்டுகின்றன. இடப்புறத் தமனி விரைவிலேயே இரண்டாகப் பிரிவதால் மருத்துவர்கள் மூன்று முதன்மைத் தமனிகள் என்று கணக்கிடுவர். இவற்றின் விட்டம் சில மில்லிமீட்டர்களே. இதயம் சுருங்கும்போது இறுகும் தசை தன்னுள்ளே ஓடும் நாளங்களையும் நெரிப்பதால், இடது கீழறைத் தசைக்குச் சேரவேண்டிய இரத்தத்தின் பெரும்பங்கு, இதயம் தளரும் இடைவேளையில்தான் பாய்கிறது. உழைப்பின்போது துடிப்பு விரைவாகி அந்த இடைவேளை குறுகுகிறது, தேவையோ பெருகுகிறது. தமனி குறுகியிருந்தால் அந்த வேளையில் நெஞ்சை இறுக்கும் வலி தோன்றி, நின்றால் தணிகிறது. வில்லியம் ஹெபர்டன் 1768இல் லண்டன் மருத்துவர் கல்லூரியில் இந்த வலியைத் துல்லியமாக விவரித்தபோதிலும், அதன் இருப்பிடம் கொரோனரி தமனிகளே என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

உயிருள்ள உடலின் இரத்த ஓட்டத்துக்குள் கருவியைச் செலுத்தும் முயற்சி விலங்குகளில் தொடங்கியது. ஆங்கிலேயப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், பெண் குதிரையொன்றின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நெடிய கண்ணாடிக் குழாயை இணைத்து, இரத்தம் எட்டு அடிக்கும் மேலே ஏறி நின்றதை 1733இல் வெளியிட்டார். 1844இல் கிளாட் பெர்னார், உடலின் வெப்பம் நுரையீரலில்தான் உண்டாகிறதா என்ற கேள்விக்கு விடை தேடி, ஒரு குதிரையின் கழுத்து நாளங்கள் வழியே இதயத்தின் இருபுறமும் வெப்பமானிகளைச் செலுத்தினார். 1861இல் ஷோவோ, மாரே என்ற இருவர், குதிரை இதயத்தின் அறைகளுக்குள் குழாய் நுழைத்து அழுத்த மாற்றங்களை வரைகோடுகளாகப் பதிவு செய்தனர். இவையெல்லாம் பாடநூல்களில் படங்களோடு அச்சேறியிருந்தும், மனிதரிடம் இதயம்வரை குழாயைச் செலுத்தி அதைப் படத்தால் மெய்ப்பிக்க மேலும் 68 ஆண்டுகள் ஆயின. இதயத்தின் உட்சுவரைத் தொட்டாலே அது நின்றுவிடும் என்ற அச்சமே அந்தத் தாமதத்துக்குப் பெருங்காரணம்.

அந்த அச்சத்தை உடைத்தவர் வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929இல் பெர்லினுக்கு வடகிழக்கே எபர்ஸ்வால்டே என்ற சிற்றூரின் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்த அவருக்கு வயது 25. நெஞ்சில் ஊசி குத்தி இதயத்துக்குள் நேரே மருந்து செலுத்தும் அக்கால அவசர முறை ஆபத்தானது என்று கண்ட அவர், கையின் சிரை வழியே குழாய் செலுத்தினால் அதே மருந்தைத் தீங்கின்றிச் சேர்க்கலாம் என்று கருதினார்; ஷோவோவும் மாரேயும் குதிரையில் செய்ததன் படம் அவர் மனத்தில் பதிந்திருந்தது. தலைமை மருத்துவர் இசையவில்லை. பிற்காலத்தில் ஃபோர்ஸ்மன் எழுதிய தன்வரலாற்றின்படி, கருவிகளின் பொறுப்பாளராக இருந்த கெர்டா டிட்சன் என்ற செவிலியர், தம்மிடமே அதைச் செய்து பார்க்கட்டும் என்று முன்வந்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேசையில் கட்டிவிட்டு, அவர் அறியாமல் தம் இடக்கைச் சிரையைத் திறந்து, சிறுநீர்க் குழலுக்கென்று செய்யப்பட்ட நீண்ட குழாயை அதில் நுழைத்தார். பிறகு குழாய் கையில் தொங்க, கீழ்த்தளத்து எக்ஸ்ரே அறைக்கு நடந்துசென்று, கண்ணாடியில் தெரிந்த உருவத்தைப் பார்த்தபடியே 65 சென்டிமீட்டர்வரை உள்ளே தள்ளினார். வலது மேலறையில் குழாயின் முனை கிடப்பதை எக்ஸ்ரே படம் காட்டியது. இதயம் நிற்கவில்லை.

அவ்வாண்டு நவம்பரில் வெளியான கட்டுரையைப் பெரும்பாலான ஜெர்மானிய மருத்துவர்கள் பொருட்படுத்தவில்லை. பெர்லினில் புகழ்பெற்றிருந்த சாரிட்டே மருத்துவமனையில் சேர்ந்த ஃபோர்ஸ்மன் விரைவிலேயே அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. அவர் சிறுநீரகவியல் பக்கம் திரும்பினார். நாஜிக் கட்சியில் உறுப்பினரானார். போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிச் சிறைப்பட்டார். மனிதரிடம் செய்யும் சோதனையை முதலில் தன்னுடலிலேயே செய்த துணிவையும், மனிதரை மனிதராகக் கருதாத கட்சியில் இணைந்த வீழ்ச்சியையும் ஒரே வாழ்வில் காணும்போது, முன்னதைப் போற்றுவதற்காகப் பின்னதை மறைப்பது வரலாற்றுக்கு இழைக்கும் தீங்காகும்.

குழாயை ஒரு துணிகரச் செயலிலிருந்து அளவைக் கருவியாக உயர்த்தியவர்கள் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் ஆந்த்ரே கூர்னானும் டிக்கின்சன் ரிச்சர்ட்ஸும் ஆவர். இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்தை இறைக்கிறது என்பதைக் கணக்கிட, உடல் உள்வாங்கும் ஆக்சிஜனின் அளவையும், இதயத்துக்குள் வரும் இரத்தத்துக்கும் வெளிச்செல்லும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள ஆக்சிஜன் வேறுபாட்டையும் அறிந்தால் போதும் என்று அடால்ஃப் ஃபிக் 1870இலேயே சொல்லியிருந்தார். உடலெங்கிலுமிருந்து வந்து கலந்த சிரை இரத்தம் இதயத்தின் வலப்புறத்தில்தான் கிடைக்கும் என்பதால், மனிதரைப் பொறுத்தவரை அது ஏட்டுச் சூத்திரமாகவே நின்றது. 1940களின் தொடக்கத்தில் பெல்வியூவில் குழாய் அந்த இரத்தத்தை எடுத்துத் தந்தது. போர்க்காலத்தில் காயமுற்று அதிர்ச்சிநிலைக்குச் சென்றவர்களின் இரத்த ஓட்டம் எவ்வளவு வீழ்கிறது என்பதும் இவ்வாறே எண்களாக வெளிப்பட்டது. 1956இல் கூர்னான், ரிச்சர்ட்ஸ் இருவரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, ஃபோர்ஸ்மன் ஒரு சிறு நகரத்தில் சிறுநீரகவியல் மருத்துவராக இருந்தார்.

எனினும் அதுவரை குழாய் கண்டது இதயத்தின் அறைகளையே. நோய் குடியிருந்த கொரோனரி தமனிகளை அல்ல. எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தை அச்சிறு தமனிகளுக்குள் நேரே செலுத்தினால் இதயத்துடிப்பு குலைந்து நோயாளி இறந்துவிடுவார் என்பது உறுதியான நம்பிக்கையாக இருந்தது. 1958 அக்டோபர் 30 அன்று கிளீவ்லாந்து கிளினிக்கில் மேசன் சோன்ஸ், பெருந்தமனிக்குள் சாயம் செலுத்த ஆயத்தம் செய்திருந்தபோது, குழாயின் முனை தவறி வலது கொரோனரி தமனிக்குள் நழுவிப் பெருமளவு சாயம் அதற்குள் பாய்ந்துவிட்டது. நோயாளியின் இதயம் சில நொடிகள் நின்றது, சோன்ஸ் அவரை இருமச் சொன்னார், துடிப்பு திரும்பியது. மற்றொருவர் பெருமூச்சுவிட்டுக் கடந்திருக்கக்கூடிய அந்த விபத்திலிருந்து, சிறிதளவு சாயத்தை வேண்டுமென்றே செலுத்தினால் தமனி தாங்கிக்கொள்ளும் என்ற முடிவுக்குச் சோன்ஸ் வந்ததுதான் இன்று ஆஞ்சியோகிராம் என்று ஊரறிந்த பரிசோதனையின் பிறப்பு. தோலைக் கீறாமல் ஊசியால் தமனியைத் துளைத்து, ஊசி வழியே கம்பியும் கம்பியின் மேல் குழாயுமாகச் செலுத்தும் முறையை ஸ்டாக்ஹோமில் செல்டிங்கர் 1953இலேயே வெளியிட்டிருந்தார். இடது, வலது தமனிகளின் வாய்க்கு ஏற்ப முன்கூட்டியே வளைக்கப்பட்ட குழாய்களை மெல்வின் ஜட்கின்ஸ் 1967இல் அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டில் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ, காலின் சிரையை எடுத்து அடைப்பைத் தாண்டி ஒட்டும் பைபாஸ் அறுவையைத் தொடங்க முடிந்தது, அடைப்பு எங்கேயுள்ளது என்பதைச் சோன்ஸின் படங்கள் காட்டியதால்தான்.

பார்க்கும் குழாயைச் சரிசெய்யும் குழாயாக மாற்றும் எண்ணம் அறுவை மருத்துவரிடமிருந்து வரவில்லை. எக்ஸ்ரே படங்களோடு வாழ்ந்த சார்ல்ஸ் டாட்டரிடமிருந்து வந்தது. 1964 ஜனவரியில் ஆரெகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில், தொடைத் தமனி குறுகிப் பாதம் அழுகத் தொடங்கியும் காலை வெட்ட ஒப்புக்கொள்ளாத 82 வயது மூதாட்டியின் தமனிக்குள், ஒன்றைவிட ஒன்று தடித்த குழாய்களை வரிசையாகச் செலுத்தி அடைப்பை அவர் விரித்தார். பாதம் பிழைத்தது. அமெரிக்க மருத்துவ உலகம் இதைப் பெரிதாக ஏற்காதபோது ஜெர்மனி ஏற்றது. அங்கே இம்முறையைக் கற்ற ஆந்திரயாஸ் கிரன்ட்சிக், சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியாற்றியபடியே, தம் வீட்டுச் சமையலறை மேசையில் உதவியாளர் மரியா ஷ்லும்ஃபுடன் அமர்ந்து மாலைநேரங்களில் பலூன் பொருத்திய குழாய்களைச் செய்தார். ரப்பர் பலூன் எதிர்ப்பு குறைந்த பக்கமாகப் புடைத்துக்கொண்டு, கெட்டியான அடைப்பை அப்படியே விட்டுவிடும். குறித்த அளவுக்கு மேல் விரியாத பிவிசியால் பலூன் செய்ததே அவருடைய கண்டுபிடிப்பின் உயிர். 1974இல் கால் தமனியிலும், நாய்களில் சோதித்த பின் 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில், விழித்திருந்த 38 வயது மனிதரின் கொரோனரி தமனியிலும் அது விரிந்தது. அறுவைக் குழுவினர் ஆயத்தமாகக் காத்திருந்தனர். அவர்களுக்கு வேலை இருக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து எடுத்த படத்திலும் அந்தத் தமனி திறந்தே இருந்தது.

1980இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்துக்குக் குடிபெயர்ந்த கிரன்ட்சிக்கிடம் பல நாட்டு மருத்துவர்கள் பயின்றனர். சென்னையில் பணியாற்றி இந்தியாவில் ஆஞ்சியோபிளாஸ்டி எனப்படும் இந்தப் பலூன் சிகிச்சை வேரூன்ற வழிசெய்த மேத்யூ சாமுவேல் களரிக்கல் அவர்களுள் ஒருவர். ஜட்கின்ஸ், டாட்டர், சோன்ஸ், கிரன்ட்சிக் நால்வரும் 1985 என்ற ஒரே ஆண்டில் மறைந்தனர். கிரன்ட்சிக் இறந்தது தம் விமானம் வீழ்ந்த விபத்தில். பலூன் விரித்த தமனி பலருக்குச் சில மாதங்களிலேயே மீண்டும் குறுகிய சிக்கலை அவர்கள் தீர்க்காமல் விட்டுச்சென்றனர். பலூன், அடைப்பாக நிற்கும் படிவை நசுக்குவதில்லை, அதைப் பிளந்து தமனிச் சுவரையே இழுத்து விரிக்கிறது என்பதும், காயமுற்ற சுவர் சுருங்கியும் புதுத்திசு வளர்த்தும் தன்னை மூடிக்கொள்கிறது என்பதும் தெளிந்தபோது, சுவரைத் தாங்கும் உலோக வலையான ஸ்டென்ட் தேவைப்பட்டது. மனிதரின் கொரோனரி தமனியில் முதலாவது ஸ்டென்டை 1986இல் தூலூஸ் நகரில் ஜாக் புவேல் பொருத்தினார். 1999இல் சாவோ பாவ்லோவில், திசுவளர்ச்சியைத் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது.

இத்தனைக்கும் நடுவே நோயின் இயல்பு குறித்த கருத்தே தலைகீழாக மாறிவந்தது. தண்ணீர்க் குழாயில் உப்புப் படிந்து துவாரம் சுருங்குவதுபோல வயதாக ஆகத் தமனியும் அடைபடுகிறது என்பதே நெடுங்கால எண்ணம். மாரடைப்பில் காணப்படும் இரத்தக்கட்டி காரணமா, இறப்பின் விளைவா என்பதில்கூட நோய்க்குறியியலாளர்கள் பிளவுபட்டிருந்தனர். 1980இல் மார்கஸ் டிவுட்டும் அவருடைய குழுவினரும் மாரடைப்பு நேர்ந்த சில மணிகளிலேயே ஆஞ்சியோகிராம் எடுத்து, நான்கு மணி நேரத்துக்குள் படம்பிடிக்கப்பட்டவர்களுள் 87 விழுக்காட்டினருக்குத் தமனி முற்றிலும் அடைபட்டிருந்ததையும், 12 மணி நேரத்துக்குப் பின் வந்தவர்களிடம் அது 65 விழுக்காடாகக் குறைந்திருந்ததையும் காட்டினர். கட்டி முதலில் வருகிறது, பிறகு சிலருக்குத் தானே கரைகிறது என்பது அதனால் உறுதியாயிற்று. 1988இல் வெளியான ஆய்வுகள், பின்னர் மாரடைப்புக்குக் காரணமான இடம் முந்தைய படங்களில் பல சமயங்களில் பாதியளவுகூடக் குறுகியிருக்கவில்லை என்று தெரிவித்தன. தமனியின் உள்ளடுக்கில் புகும் கொலஸ்டிரால், அதை விழுங்கிச் செரிக்க முடியாமல் மாளும் வெள்ளணுக்கள், அவற்றால் மூளும் அழற்சி, அந்தக் கொழுப்புக்குழம்பின் மேல் போர்த்திய மெல்லிய நார்மூடி எனப் படிவு சுவருக்குள்ளேயே வளர்கிறது; மூடி கிழியும் நொடியில் உள்ளிருப்பது இரத்தத்தைத் தொட்டு உறையச் செய்கிறது. புகை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை தாக்குவதும் அந்தச் சுவரையே.

ஆகவே ஆஞ்சியோகிராம் காட்டுவது நோயை அன்று, நோய் விட்டுவைத்த துவாரத்தின் நிழலை. மாரடைப்பு நேரத்தில் அடைபட்ட தமனியைப் பலூனாலும் ஸ்டென்டாலும் உடனே திறப்பது உயிரைக் காக்கிறது என்பதில் இன்று ஐயமில்லை. ஆனால் உழைப்பின்போது மட்டும் வலி தோன்றும் நிலையான நோயில், 2,287 பேரைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2007இல் வெளியான ‘கரேஜ்’ ஆய்வு, தக்க மருந்துகளோடு ஸ்டென்டையும் சேர்த்ததால் இறப்போ மாரடைப்போ குறையவில்லை என்று கண்டது. 5,179 பேரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வும், முதலிலேயே குழாய்ச் சிகிச்சைக்கோ அறுவைக்கோ செல்வதால் அவை குறைவதாகக் காணவில்லை. வலி தணிவதும் அன்றாட உழைப்பு எளிதாவதும் சிறு பயன்கள் அல்ல. இருப்பினும் ஒரு குறுகலை விரித்ததால் நோய் தீர்ந்தது என்று நோயாளியிடம் சொல்வது தவறு, ஏனெனில் மற்றச் சுவர்களில் படிவு வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்கு மருந்தாவது ஸ்டேட்டின் போன்ற மாத்திரைகளும், இரத்த அழுத்தக் கட்டுப்பாடும், புகைப்பழக்கத்தைக் கைவிடுவதுமே. கதீட்டரின் முனையில் ஒலியலையையோ ஒளியையோ பொருத்தித் துவாரத்தைக் கடந்து சுவரின் அடுக்குகளையே பார்க்கும் கருவிகள் இப்போது பயன்பாட்டில் உள்ளன. ஒளிவழிக் கருவி, நார்மூடியின் தடிமனை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நுணுகி அளந்து காட்டுகிறது.